சுண்ணாம்பு போட்ட குளம்

தொண்ணூறுகளில் ரெம்பாவு ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுக் குளங்களுக்கு நான்தான் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"கேஎல் கவர்மெண்ட் ஆபீஸ்லேருந்து ஆபீசர் வராங்க. நாட்டுல எந்தத் தொழில் காத்துல என்னென்ன கேஸ் விடுதுன்னு கணக்கு எடுக்கறாங்களாம். நம்ம குளத்து கேஸையும் அளக்கணுமாம். மானத்த வாங்கிடாத லா!"

தோட்டத்துக்குப் பெரிய தொரை வருகிறார் என்றால் மரம், கல், கால்வாய் ஓரம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்போம். அதிலேயே வளர்ந்தவன் நான். குளத்து நாற்றம்தான் கேஸ் என்று எனக்கு நினைப்பு வேறு. ஒரு வாரமாக ஆட்களை வைத்து, மேலே படிந்திருந்த ஆடையை வாரிக் கொட்டி, மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கலந்தேன். நாற்றம் நன்றாகவே குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர் தேவகி, ராசா என்ற ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மற்ற ஆலைகளில் கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். உள்ளே விட்டது நாங்கள் மட்டும்தான். டிரம்மைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, டியூபை மாட்டி, வெயிலில் வெகுநேரம் காத்திருந்தார். குமிழியையே காணோம்.

"அண்ணே, குளத்துல ஏதாச்சும் போட்டீங்களா?"

"சுண்ணாம்பு போட்டேன் மிஸ். நீங்க வரீங்கன்னு நாத்தத்தையே எடுத்துட்டேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "நான் அளக்க வந்தது மீத்தேன் அண்ணே. அதுக்கு வாடையே கெடையாது. அத உண்டாக்குற கிருமியத்தான் சுண்ணாம்பு கொன்னுடுச்சு."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா மிஸ், நம்ம மண்டோரு எவ்ளோ கிளீனா வச்சிருக்காரு!"

"ஆமா சார், ரொம்ப கிளீன்," என்றார் தேவகி. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிரம்மை வேனில் ஏற்றும்போது மெதுவாகக் கேட்டேன். "கொளம் பழையபடி ஆனதும் திரும்ப வாங்களேன் மிஸ்."

"இந்த மாசத்தோட கணக்கு முடியுதுண்ணே. வேற நாட்டுக் கொளத்து நம்பரத்தான் நம்ம நாட்டுக் கணக்குலயும் போடணும்."

வேலைக்கு வரும் பிள்ளைகளே, அளக்க வருகிறவருக்காக எதையும் கழுவித் துடைத்து வைக்காதீர்கள். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்.

சில வாரங்களில் குளத்தில் குமிழிகள் தாமாகவே திரும்பி வந்தன. அளக்கத்தான் ஆள் இல்லை.