இறக்கைக்கு அடியில் கண்ட திருநீறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எழுதினால் என் மைத்துனனுக்குத் தலைகுனிவு. எனக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் சங்கதி வேறு விதமாக நடமாடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடு சுதந்திரம் பெற்று ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து, சரஸ்வதி பூஜையும் கழிந்த வாரம். என் மனைவியின் தம்பி என்னை முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிப் போனான். எதற்கு என்றால், ஆகாய விமானம் விலைக்குப் பார்க்க.

சிரிக்காதீர்கள். அவன் யுத்த காலத்தில் விமானங்களைப் பழுது பார்த்தவன். பிறகு ஓட்டவும் படித்து, அதற்கான சர்ட்டிபிகேட்டும் வைத்திருந்தான். யுத்தம் முடிந்து ஏலத்தில் போன சிறிய விமானங்களில் ஒன்றை, மேற்கே ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் தம் மகனுக்காக எடுத்திருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். தலைக்கு மேலே இறக்கை. மகனுக்கு இப்போது பம்பாயில் வேலை கிடைத்துவிட்டதால் விற்கிறார். அதை வாங்கி, திருவிழா நடக்கும் ஊர்களில் ஜனங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைக்கலாம் என்பது மைத்துனன் எண்ணம். அவனிடம் கைமுதல் கிடையாது. நான் என் வயலில் ஒரு துண்டை விற்றால்தான் காரியம் நடக்கும். ஆகவே முடிவு என் கையில் இருந்தது.

"மொத மொத அக்காவத்தான் ஏத்துவேன் அத்தான். சுசீந்திரம் கோபுரத்த ஒரு சுத்து சுத்திக் காட்டுவேன்" என்று வீட்டில் அக்காளிடம் சொன்னதையே பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டு வந்தான்.

"அவ மாட்டுவண்டியிலயே கண்ண மூடிட்டு இருப்பா மக்கா" என்றேன்.

தோப்பை அடுத்து நீளமான புல்தரை. ஓரத்தில் ஓலைக் கொட்டகை. அதற்குள் விமானம் நின்றது. கடல் இரைச்சல் காதில் விழுந்தது. பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் விமானத்தின் மூக்கில் அழியாமல் இருந்தன. ஏணி போட்டு ஏறி, இறக்கைகளின் மேலேயும் மூன்று பட்டை திருநீறு பூசியிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மைத்துனன் ஒன்றைத் தட்டிப் பார்த்தான், ஒன்றைத் திருகிப் பார்த்தான். எனக்கு என்ன தெரியும்? சுசீந்திரம் தாணுமாலயனை நினைத்து, 'வாங்கலாம் என்றால் ஒரு அடையாளம் காட்டு' என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிவிட்டு இறக்கைக்கு அடியில் குனிந்து போனேன். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், தகட்டை இணைக்கும் ஆணி வரிசையை ஒட்டி, வெள்ளை வெளேரென்று நைசான பொடி படிந்திருந்தது.

"இங்கயும் பூசினதாக்கும்?" என்று கேட்டேன்.

"இல்லியே, மேலதானே பூசினது" என்றார் பெரியவர்.

எனக்குப் புல்லரித்தது. யாரும் பூசாத இடத்தில் திருநீறு! வழித்து எடுத்து நெற்றி நிறையப் பூசினேன். மீதியை மனைவிக்கென்று காகிதத்தில் மடித்தேன். மைத்துனன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிப் பெரியவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இருவரும் வீடு வந்து சேரும்போது நல்ல வெயில் இருந்தது. மனைவி பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் இட்டு, வழக்கம் போல ஒரு துளி நாக்கிலும் வைத்தாள். அடுத்த நிமிஷம் முற்றத்தில் போய்த் துப்பினாள்.

"துண்ணூறா இது? தொவர்க்குது, கரிக்குது! இதயா நெத்தியில பூசிக்கிட்டு முட்டத்துல இருந்து வந்திய?"

நான் அடையாளம் கேட்ட விவரத்தைச் சொன்னேன். அவள் அடுக்களைக்குப் போய் ஒரு பழைய அலுமினியப் போணியை எடுத்து வந்தாள். மழைக்காலம் முழுக்க அதில் உப்புப் போட்டு வைத்துக் கெட்டுப்போனது. உள்ளே விரலால் வழித்துக் காட்டினாள். அதே வெள்ளைப் பொடி. போணியை வெயிலுக்கு நேரே பிடித்தாள். அடியில் ஊசிக் குத்துப் போல ஏழெட்டு ஓட்டை.

"அந்த ஏரோப்ளேன் எதுல செஞ்சதுலே?" என்று தம்பியைக் கேட்டாள்.

"அலுமினியந்தான்."

"கடக்காத்துல எத்தன வருசமா நிக்குது?"

அவன் போணியின் ஓட்டைகளையே பார்த்தான்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. உப்புக் காத்துல அரிச்சு வந்த பொடி. மேலாப்புலதான் பூத்திருக்கும், வாங்கினபொறவு தகடு மாத்திரலாம்னு நெனச்சேன். அத்தான் துண்ணூறுன்னு எடுத்துப் பூசினப்ப சொல்ல வாய் வரல்ல. சொன்னா வேண்டாம்னுருவாரே."

"என்னையாலே அதுல மொதல்ல ஏத்துவேன்ன?" என்று மட்டும் கேட்டாள். அவன் அன்று எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

மறுநாள் வாக்கைத் திருப்பி வாங்க இருவரும் முட்டம் போனோம். எனக்கு அந்தப் பெரியவர் மேல்தான் கோபம். பூஜையைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. "குத்திப் பாரு தம்பி" என்றார். மைத்துனன் ஸ்குரூ டிரைவரை அந்த ஆணி வரிசையில் வைத்து அழுத்தினான். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. உள்ளே தாங்குகிற சட்டம் பொரித்த பப்படம் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது.

பெரியவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"போன மாசம் மகன் வந்தப்ப என்னை ஏத்திக்கிட்டுக் கன்னியாகுமரி வர போயிட்டு வந்தான்" என்றார். "இதுக்குக் கீழதான் ரெண்டு பேரும் இருந்தோம்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் என்னோடு பஸ்ஸில் வந்தவன்தான்.

மாற்றிய வெற்றிலைக்காக வருத்தப்பட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, "இனி இதுல ஒருத்தனும் ஏறப்படாது" என்றார். மைத்துனன் கேட்காமலே அங்கே தங்கினான். மூன்று நாளில் இரண்டு இறக்கைகளையும் கழற்றிக் கீழே போட்டுவிட்டுத்தான் வந்தான். வந்ததும் அக்காள் முன்னால் போய் நின்றான். அவள் இலை போட்டாள்.

இப்போது எங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? விமானத்தில் தானாகத் திருநீறு சுரந்து, வாங்காதே என்று என்னைத் தடுத்ததாம். என்னைப் பக்தன் என்று கும்பிடுகிறவர்கள்கூட உண்டு. அந்தப் பொடி என்னைத் தடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் வாங்குகிறேன் என்று சொன்னேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: புருஷன் பூசிக்கொண்டான், தம்பி தெரிந்தும் பேசாமல் நின்றான், அவள் நாக்கில் வைத்துத் துப்பினாள். அன்றைக்கு நான் ஆண்டவனிடம் அடையாளம் கேட்டது உண்மை. அது வந்தது எங்கள் அடுக்களையில் இருந்து என்பதை நினைத்து, இன்றும் நெற்றியில் நீறிடும்போது என் கை ஒரு கணம் நிற்கிறது.