லக்ஷனுக்குப் பிறகு வரவேண்டிய பெயர்

செங்கலடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் வினாயகமூர்த்தியின் கடையில் மூன்று மாதமாக மரண அறிவித்தல் வாசிப்பவள் கேதீஸ்வரி. வயது நாற்பது. கணவன் ஜெயரூபனுக்கு இது தெரியாது. அவன் வவுணதீவு வயல் வட்டைகளில் அறுவடை மெஷின் ஓட்டுகிறான். கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. முன்பு அவள் தையல் ஆலைக்குப் போனபோது, நாலாம் நாளே வாசலில் வந்து நின்று, வேலையை விடவைத்துக் கூட்டிக்கொண்டு போனவன்.

தொலைக்காட்சியில் பார்த்த ஒரு ஹிந்திப் படம்தான் துணிவு தந்தது. குடும்பப் பெண் வேலைக்குப் போகிறாள், வீடு தலைகீழாகிறது, கடைசியில் புருசன் சிரிக்கிறான்.

குரலைக் கனமாக்கி வாசிப்பாள். "கொழும்பில இருந்து ஆள் எடுத்திருக்கான் போல" என்று சந்தையில் கதைத்தார்கள். தன் ஊர்ச் சாவுகளை மட்டும் தொடமாட்டாள்.

அன்று காலை இறந்தவர் அருமைநாயகம், ஜெயரூபனின் தாய்மாமன். மற்ற அறிவிப்பாளருக்குக் காய்ச்சல்.

"அண்ணன், இது எங்கட ஊர். என்ட வீட்டுக்காரர் செத்தவீட்டிலதான் நிக்கிறார்."

"இந்தக் குரலை உன்ட புருசனே கண்டுபிடிக்கமாட்டான் புள்ள. ஏலாதெண்டா சொல்லு, ஏறாவூரில ஒரு ஆள் வேலை கேட்டுத் திரியுது."

வாசித்தாள். பதிவான பென்டிரைவோடு ஒலிபெருக்கி ஆட்டோ புறப்பட்டது. தாளை மடிக்கும்போதுதான் கண்டாள். 'லக்ஷன், ஜெயரூபன், பிரஷாந்தி ஆகியோரின் தாய்மாமனும்.' அவள் வாசித்ததோ லக்ஷன், பிரஷாந்தி.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால் அவனுடைய அடையாள அட்டைப் பிரதியை நீட்டுவாள். நாக்கு தானாகவே தாண்டிப் போயிருந்தது.

பெயர் விடுபட்டால் செத்தவீட்டில் சண்டை வரும். அதைவிட, அந்த ஒரு பெயரை விடக்கூடியவள் ஊரில் ஒருத்திதானே?

ஆட்டோக்காரனுக்குப் போன் எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் தலைக்கு மேல் அவளுடைய குரலே அலறிக்கொண்டிருக்கும், எப்படிக் கேட்கும்? ஐந்தாவது முறையும் எடுத்தாள்.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது.

ஜெயரூபன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். மைக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"லக்ஷனுக்குப் பிறகு ஆரு?"

அவள் மடித்த தாளை விரித்தாள்.

"பந்தலுக்குள்ள எல்லாரும் என்னைத்தான் பாக்கிறாங்க. திருப்பி வாசி."

"இஞ்ச பாருங்க, நான்..."

"வாசி எண்டுறன்."

வினாயகமூர்த்தி பதிவை அழுத்தினார். "தாளை மேசையில வை புள்ள. மைக்கில மழை பெய்யிற மாதிரிக் கேக்குது."

"...லக்ஷன்..." தாளில் அடுத்த பெயர்மேல் விரலை வைத்தாள். "ஜெயரூபன்." கனக்குரல் அந்த இடத்தில் உடைந்து, வீட்டுக் குரல் வெளியே வந்தது. இனி ஊருக்கே தெரியும்.

புதுப் பதிவின் பென்டிரைவை ஜெயரூபன் சட்டைப் பைக்குள் போட்டான். படத்தில் வந்தது போல அவன் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் வேலைக்கு..." என்று தொடங்கினாள்.

வாசலில் திரும்பினான். "மாமாட முப்பத்தோராம் நாள் கிரியை அறிவித்தலும் இஞ்சதான் வரும். மறுகா என்ட பேரை விட்டிராத."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் அவள் கதிரையை மைக்குக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.