கடைசி ஓலையிலிருந்த பூச்சிகள்

கள்ளிக்காட்டில் வாழ்க்கைப்பட்ட என் சித்தியிடம் மன்னிப்புக் கேட்பதென்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் போகிறேன். அவள் சுட்டுத் தரும் பழம்பொரியைத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். குற்றம் பெரிதில்லை. நாலாம் வகுப்பில் படிக்கும்போது சில பூச்சிகளைக் கொன்றேன். நல்ல எண்ணத்தோடுதான்.

பாறசாலைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில் ஓர் ஈந்து மரம் நின்றது. குட்டைத் தண்டு, உச்சியில் தென்னோலையைச் சின்னதாக்கியதுபோல் ஓலைகள். கல்யாணப் பந்தலானாலும் சர்ச் விழாவானாலும் வாசல் வளைவுக்கு எங்கள் ஓலையைத்தான் கேட்டு வருவார்கள். அதில் வெள்ளை வெள்ளையாகச் செதில்பூச்சி பிடித்தபோது, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்ததுபோல் ஆகிவிட்டது. அம்மா விவசாய ஆபீசான கிருஷிபவனில் போய்ச் சொன்னாள். அங்கே தற்காலிக வேலையிலிருந்த அம்பூரிக்காரர் ஒருவர் வந்தார்.

சட்டைப்பையிலிருந்து லென்சை எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய பல் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஓலைகளின் அடிப்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னார். பூச்சி தீரும்வரை சனிக்கிழமைதோறும் வருவதாகவும் சொன்னார். தேய்க்கும் வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். அம்மாவின் தங்கை, கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனதில் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டவள். சனிக்கிழமைகளில் மட்டும் பேசினாள்.

"பெண்பூச்சி ஒட்டுன எடத்தை விட்டு அசையாது. ஆணுக்காக்கும் செறகு உண்டு," என்றார் அவர் ஒருநாள்.

"அப்போ அது பறந்து போயிருமே?" என்றாள் சித்தி.

"போவாது. தேடி வரும்."

பூச்சியைப் பற்றிப் பேசி இரண்டு பேர் இவ்வளவு சிரிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது. ஜன்னலில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. அம்பூரிக்காரர் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர், நாங்கள் அம்மன் கோயில்காரர்கள்.

"பூச்சி தீந்த பெறவு அவரு எதுக்கு இங்க வரணும்?" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது சித்தி காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது.

எனக்குச் சித்தி மேல் ஒரே ஒரு குறை. எல்லா ஓலையையும் பளிச்சென்று தேய்ப்பவள், சுவர்ப்பக்கத்து ஓலை ஒன்றை மட்டும் வாராவாரம் விட்டுவிடுவாள். மறதி என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, காம்பு முள் கையில் குத்தக் குத்த, அதை நானே தேய்த்து முடித்தேன்.

மறுநாள் அவர் அந்த ஓலையை இரண்டு முறை புரட்டினார்.

"ஒண்ணும் இல்லியே," என்று சித்தியைப் பார்த்தார்.

"நானாக்கும் தேச்சேன்," என்றேன்.

அவர் என் தலையைத் தடவினார். "அப்போ இனி நான் வரண்டாம், இல்லியா?" கேள்வி சித்திக்கு. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

"வேண்டாம்," என்றாள் சித்தி.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. சித்தி ஈந்தின் அடியில் குத்தவைத்து, ஓலை ஓலையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல சித்தி. நான் நல்லாப் பாத்தாச்சு," என்றேன்.

"ஒண்ணாவது இருக்கும் மக்கா. நீயும் கொஞ்சம் பாரு," என்றாள்.

என் வேலையை இவள் நம்பவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.