பாட்டில் இல்லாத சொல்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் கும்பலில் வைத்த பெயர் சைரன். அவருக்கும் தெரியும், கோபப்பட்டதில்லை. கோபப்பட வேறு ஆயிரம் விஷயம் வைத்திருந்தார். கிரேன் நுழைய முடியாத கட்டடங்களுக்குள் கனத்த மெஷின்களை ஏற்றி இறக்குவது எங்கள் வேலை. நாலு பேர் கடப்பாரை போட்டு மெஷினின் ஒரு பக்கத்தை நெம்புவார்கள். தூக்கிய இடுக்கில் நான் கையை விட்டு மரக்கட்டை வைப்பேன். மெஷின் கட்டைமேல் இறங்கும். எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்று இதற்கெல்லாம் வாய் கொடுப்பவர் அத்தான்.

அவர் வாய் கொடுப்பது பாட்டாகத்தான் இருக்கும். "பிடி, பிடிச்சாச்சா பிடி... தூக்கு, ஒண்ணாத் தூக்கு... கட்டையப் போடு, கட்டையப் போடு... இறக்கு, மெல்ல இறக்கு." நாலே வரி. மூன்றாவது வரியில் ராகம் மேலே போகும், நாலாவதில் இறங்கும். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் பாட்டை விட்டுவிட்டு "நிறுத்து!" என்று ஒரு கத்து கத்துவார். கடப்பாரைகள் அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

தூக்கும்போது அவர் வாயைத் தவிர வேறு வாய் திறக்கக் கூடாது. அது அவர் சட்டம். பதினெட்டு வருஷம் கூடவே உழைத்த ஒரு பெரியவர் ஒருநாள் பதறிப்போய் "பார்த்துப்பா" என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே அவரை வேலையை விட்டுத் துரத்தினார். "ரெண்டு வாய் பேசினா ஒரு கை போகும்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டுதான் கடப்பாரை பிடித்தோம்.

அத்தான் நல்லவர் என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் அவர் வாய்க்குப் பாட்டு கிடையாது. தட்டு வைக்க ஒரு நிமிஷம் தாமதமானால் அக்காவுக்குப் பெயர் சனியன். ஆனால் எட்டு வருஷமாக அந்தக் குரலை நம்பித்தான் டன் கணக்கான இரும்புக்கு அடியில் கையை நீட்டினேன். ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

ஒரு காலையில் அத்தான் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. மூளையில் ரத்தம் அடைத்து, வலது கையும் காலும் துவண்டு, பேச்சு அடியோடு நின்றுபோனது. பத்தாம் நாள் தலையணையைச் சரி செய்த அக்காவைப் பார்த்து "சனியனே" என்றார், அட்சரம் பிசகாமல். பழகிப்போன வசவு சில பேருக்கு முதலில் திரும்பும், நல்ல அறிகுறிதான் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுபடி எடுத்துட முடியுமா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா. டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மாத்திரையெல்லாம் அடுத்த அடைப்பு வராமல் இருக்கத்தான், போன பேச்சைக் கொண்டுவராது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சத்தைப் பயிற்சி அறையில் ஒரு பெண் பார்த்துக்கொண்டாள். நாங்கள் பாட்டு டாக்டர் என்போம், "நான் டாக்டர் இல்லீங்க" என்பாள். அங்கே இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை வைத்து, இடது கையை அசைக்கச் சொல்லி, வலது கையே அசைகிறது என்று மூளையை நம்பவைக்கப் பார்த்தார்கள். அத்தானின் மூளையாயிற்றே, யாரை நம்பியிருக்கிறது?

பாட்டு மட்டும் பலித்தது. பேச்சு இருக்கும் பக்கம் அடிபட்டாலும் பாட்டுக்கு மறுபக்கமும் கைகொடுக்கும் என்றாள் அவள். சொல்லை ராகத்தில் ஏற்றி, ஒவ்வொரு அசைக்கும் அவர் இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வேண்டும். தண்ணி, வலிக்குது, போதும். இப்படித் தினமும் வீட்டில் யாராவது ஒருத்தர் அவர்கூட உட்கார்ந்து பாட வேண்டும்.

"நான் மாட்டேன்" என்றாள் அக்கா. "இருபத்தஞ்சு வருஷம் அவர் பேசிக் கேட்டாச்சு. இப்பதான் வீடு வீடா இருக்கு. வேணும்னா நீ சொல்லிக்குடு."

நான்தான் உட்கார்ந்தேன். பாசம் என்று நினைக்க வேண்டாம். அத்தான் இடத்தில் லாரி டிரைவர் வாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் குரலுக்கு என் கை மெஷினுக்கு அடியில் போக மறுத்தது. முதலாளியோ, ஆறு மாதத்துக்குள் சைரன் பழையபடி கூப்பிட்டால் அந்த இடம் அவருக்கு, இல்லாவிட்டால் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அத்தான் வாய் கோணி அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அதனால் தண்ணியையும் வலிக்குதையும் ஓரம் கட்டிவிட்டு, எங்கள் நாலு வரியை எடுத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துத் தட்டித் தட்டி, மாதக் கணக்கில் பாடினோம். முதலில் ஒவ்வொரு வரியின் வால் மட்டும் வந்தது. பிறகு ஒரு வரி. ஐந்தாம் மாதம் நாலு வரியும் கணீரென்று வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். பாட்டு டாக்டர் மட்டும் முகம் சுளித்தாள். "இது மனப்பாடமா வருதுங்க. நடுவுல நிறுத்தச் சொல்லுங்க பார்ப்போம்."

"பாட்டை எதுக்குங்க நடுவுல நிறுத்தணும்?" என்றேன். நான் கேட்டேன். எட்டு வருஷம் கட்டை வைத்த மகா புத்திசாலி கேட்டேன்.

ஒரு அச்சகத்தில், பழைய மெஷினை நகர்த்தும் வேலையில் அவரைச் சோதித்துப் பார்க்க முதலாளி ஒத்துக்கொண்டார். அத்தான் தடியை ஊன்றி நின்றார். இடது விரல்கள் தடியில் தாளம் போட்டன. "பிடி" என்றதும் நாலு பேர் முதுகும் ஒன்றாக வளைந்தது. "தூக்கு" என்றதும் மெஷின் எழுந்தது. கும்பலே பூரித்துப்போயிருந்தது. மூன்றாவது வரியில் கட்டையை வைத்தேன். அது கோணலாக உட்கார்ந்தது. கையை மறுபடி உள்ளே விட்டுத் திருப்பினேன்.

அத்தான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பிதுங்கியது. "நிறுத்து" என்று கத்த வேண்டிய இடம். வாய் அதற்காகத் திறந்தது. ஆனால் நான் சொல்லிக் கொடுத்த பாட்டில் அந்தச் சொல் இல்லை. ராகம் அதன் வழியில் கீழே இறங்கியது.

"இறக்கு, மெல்ல இறக்கு."

கடப்பாரை பிடித்த நாலு பேரில் இரண்டு பேர் என் கையைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தானே. நானும் திறக்கவில்லை, இதை எந்தக் கடவுள் முன்னாலும் சொல்வேன். மெல்ல என்று பாட்டில் இருந்தது, மெல்லத்தான் இறக்கினார்கள்.

மறுபடி தூக்கினால்தான் கை வெளியே வரும். ஆளுக்கொரு நேரத்தில் நெம்பினால் மெஷின் சரிந்துவிடும், அதனால் நாலு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். "தூக்கு" என்ற ஒரே சொல் போதும். அது இரண்டாவது வரியில் இருந்தது. அவரால் இரண்டாவது வரியில் தொடங்க முடியாது. கண்ணில் தண்ணீர் கொட்ட, முதலிலிருந்து பாடினார். "பிடி, பிடிச்சாச்சா பிடி..." அந்த வரி அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அக்கா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். "ம" என்றார். மன்னிப்பா, மச்சானா, எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் வரவில்லை. பிறகு கட்டுப் போட்டிருந்த என் கையை இடது கையால் எடுத்து, சொல் வர என்ன செய்ய வேண்டும் என்று நான் பழக்கினேனோ அதையே செய்தார். கட்டில் சட்டத்தில் என் கையைத் தட்டினார். "ம". இன்னொரு தட்டு. "ம".

"நிறுத்து!" என்று அலறினேன். எட்டு வருஷத்தில் அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

உடனே நிறுத்தினார். என் வாயையே உற்றுப் பார்த்தார். தாளமும் இல்லாமல் ராகமும் இல்லாமல், பழைய சைரனின் குரலில், தெளிவாகச் சொன்னார்: "நிறுத்து."

"வந்துடுச்சு பாருடா" என்றாள் அக்கா.