தாழிக்காட்டில் ஹென்றி ரோச் சொன்ன பதில்

ஹென்றி ரோச்சுக்குத் 'தெரியாது' என்று சொல்ல வராது. பழைய துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருபது வருஷம் இருந்து, கப்பல்காரர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் படித்த மனுஷர். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த பிறகு, வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவருக்கு ஒரு தொழிலாகவே ஆகிப்போயிற்று. 'கைடு ரோச்' என்றால் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்களில் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் புதுத் துறைமுகம். "இது சுதந்திர இந்தியா தன் கையால் கட்டியது" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அப்புறம் உப்பளம், பெரிய மாதா கோயில். அதற்கப்புறம் கார் கொற்கைக்குத் திரும்பும். கடல் விலகிப்போன அந்த வயற்காட்டில் நின்று, பாண்டியன் முத்து விற்ற துறை இதுதான் என்று கையை வீசுவார். கடைசியில் ஆதிச்சநல்லூர் தாழிக்காடு, ஆதிகாலத்து இடுகாடு. யார் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வார். தெரியாவிட்டால் அந்த நிமிஷத்திலேயே ஒன்றைச் செய்து சொல்வார். கார் ஓட்டும் அய்யாக்குட்டி இதைச் சும்மா விடமாட்டான். "அண்ணாச்சி, கொற்கை வன்னி மரத்துக்கு இன்னைக்கு ஐந்நூறு வருசம் வயசு கூட்டிட்டியளே" என்பான்.

போன டிசம்பரில் ரோச்சின் ஒரே மகன் கஸ்பார் வேலை பார்த்த தோணி, வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பியது. கொழும்புக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஏழு பேர். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ரோச் அழவில்லை. மூன்றாம் வாரமே சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகம் காட்டப் போய்விட்டார். கல்மனசுக்காரன் என்று தெரு பேசியது. கல்லாவது ஒன்றாவது. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். சோறு ருசிக்கவில்லை, பசித்ததா என்றும் அவருக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைய பூசையில் வாசிக்க, செத்துப்போனவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி முன்கூட்டியே கோயிலில் கொடுக்க வேண்டும். ரோச் வீட்டுச் சீட்டில் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று வருஷா வருஷம் நான்கு பெயர் போகும். இந்த வருஷம் ஐந்தாவதாகக் கஸ்பாரையும் எழுதிவிடலாம் என்றார் ரோச்.

மனைவி பிளாரன்ஸ் சம்மதிக்கவில்லை. "உசிரோட இருக்குத பிள்ளைக்குச் சாவுப் பூசை வைப்பாவளா? எந்தத் தீவுல கெடக்கானோ. நீங்க எழுதினா அவன் செத்துருவான்."

"பத்து மாசம் ஆச்சு, பிளாரன்ஸ். பூசையில்லாம அவன் ஆத்துமா என்ன செய்யும்?" கப்பல் சரக்கைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் அதையும் சொன்னார். சீட்டு மேசையில் வெறுமையாகக் கிடந்தது. கொடுக்க வேண்டிய கடைசி நாளும் வந்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்து ஒரு நார்வே கேப்டனும் அவர் மனைவியும் ஊர் பார்க்க வந்திருந்தார்கள். தாழிக்காட்டில், செம்மண்ணுக்கு மேலே விளிம்பு மட்டும் தெரிந்த ஒரு தாழியின் பக்கத்தில் அந்த அம்மாள் குனிந்து நின்றார். ரோச் தன் பாடத்தைச் சொன்னார்: செத்தவரைத் தாழிக்குள் வைப்பார்கள், கூடவே நெல் வைப்பார்கள், இரும்பு வேல் வைப்பார்கள்.

"கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு?" என்று கேட்டார் அந்த அம்மாள். "உடம்பு கிடைக்காவிட்டால் என்ன செய்தார்கள்?"

ரோச்சின் வாய் யோசிக்கவில்லை. "அவன் உடுத்திய துணியை வைத்து மூடுவார்கள், மேடம். பெற்றவள் கையால்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் அவன் வழி தெரியாமல் அலைவான்."

அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இருவரையும் துறைமுகத்தில் இறக்கிவிட்ட பிறகு அய்யாக்குட்டி மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, அந்தத் துணிச் சங்கதி எதுல இருக்கு? முன்ன நீங்க சொன்னதில்லையே."

"எதுலயும் இல்லடே. சும்மா அளந்து விட்டேன்."

அய்யாக்குட்டி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ரோச் நடந்ததைப் பிளாரன்ஸிடம் சொன்னார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"பெத்தவதான் மூடணும்னா சொன்னிய?" என்று கேட்டாள்.

"ஆமா. நானாச் சொன்ன பொய்தான்."

அவள் மேசையில் கிடந்த சீட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். "பொய்யா இருந்துட்டுப் போகுது. அலைவான்னு உங்க வாயால சொல்லிட்டியள்லா. எம்பிள்ளை அலையக் கூடாது. எழுதுங்க."

ரோச் பேனாவைத் திறந்தார். நான்கு பெயர்களை மளமளவென்று எழுதினார். ஐந்தாவது வரியில் முனையை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. எழுதிவிடலாம், எழுதிவிடலாம் என்று இத்தனை நாளும் சொன்னவர் அவர்தான்.

"எழுதுங்க."

"முடியல, பிளாரன்ஸ். அவன் வந்துருவான்னுதான் நான் தினம் துறைமுகத்துக்குப் போயிருக்கேன். எனக்கே இப்பதான் தெரியுது."

பிளாரன்ஸ் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள். ஒவ்வோர் எழுத்தாக மகன் பெயர் சீட்டில் ஏற ஏற, ரோச் மேசையில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதார். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு, கோயில் பூட்டுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று தெருவில் இறங்கி நடந்தாள்.