கிராவல் ரோடும் ஒரு டப்பா சுண்ணாம்பும்

கிராவல் ரோட்டில் சைக்கிள் போகும்போது எழும் நடுக்கம் முதலில் கேரியர் கம்பிக்கு வரும், அங்கிருந்து இடுப்பெலும்புக்கு ஏறும், கடைசியில் பல்வரிசைக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொன்னால் குரல் ஆட்டுக்குட்டி கத்துவது போல விட்டுவிட்டு வரும். அதற்காகவே நான் வழி நெடுக ‘ஆ’ சொல்லிக்கொண்டு வருவேன். முன்னால் மிதித்துக்கொண்டிருக்கும் சுமதி அக்கா, “வாய மூடுடி, மூச்சு வாங்குது எனக்கு” என்பாள். கத்துவது நான், மூச்சு வாங்குவது அவளுக்கு என்பதில் இருந்த நியாயம் எனக்கு அப்போது புரியவில்லை.

அக்கா பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் அது. நான் ஏழாம் வகுப்பு. எங்கள் அப்பா வெள்ளாற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு குன்றில் தொல்லியல் துறை வாட்ச்மேன். குன்றின் நடுவயிற்றில் பாறையைக் குடைந்து ஒரு கோயில், அதன் பக்கச் சுவரில் பழைய கல்வெட்டு. குன்றின் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது, காரணம் பின்னால் வரும். மற்ற நாட்களில் அப்பா பழைய சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை மட்டும் சுடுசோறும் குழம்பும் நாங்கள் கொண்டுபோவோம். ஏழு கிலோமீட்டர். மிதிப்பது அக்கா, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது நான்.

வேடிக்கைக்குக் குறைவே இல்லாத வழி. கண்மாய்க் கரையை ஒட்டி ரோடு சிவப்பாகத் திரும்பும் இடத்தில், தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும். எந்த ராஜா காலத்து மடையோ, அதன் உச்சியில் எப்போதும் ஒரு மீன்கொத்தி இருக்கும். பிறகு தைலமரக்காடு, அதன் வாசம். அதைத் தாண்டினால் கடலைக்கொல்லைக்கு நடுவே தலையில் முடியில்லாமல், காது நீண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு கல் சாமி. சமணச் சிலை என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்த பிறகும் எங்களுக்கு அவர் ‘மொட்டைப் பிள்ளையார்’தான், தும்பிக்கை இல்லாதது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. அடுத்து, பெரிய பெரிய கற்களை வட்டமாகப் புதைத்துவைத்திருக்கும் பொட்டல். அடியில் தாழிக்குள் ஆளை உட்காரவைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அந்த இடம் வந்தால் அக்கா ஒன்றும் பேசாமல் வேகத்தைக் கூட்டுவாள், நான் ‘ஆ’ சொல்வதை நிறுத்திவிடுவேன்.

அதோடு ரோடு முடிந்து ஆறு வரும். ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான்; மழைக்குப் பிறகு ஓரமாகக் கணுக்கால் தண்ணீர் ஓடும். மணலில் சக்கரம் புதைவதால் அக்கா சைக்கிளை முக்கால்வாசி தூக்கிக்கொண்டே கடப்பாள். நான் தூக்குச்சட்டியோடு முன்னால் ஓடி, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, “இன்னும் வரலையா” என்று கேட்பேன்.

குன்றில் அப்பா வேறு ஆளாக இருப்பார். வீட்டில் நாலு வார்த்தை பேசாதவர், அங்கே யாராவது பார்க்க வந்தால் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து கல்வெட்டின் மேல் மெதுவாக ஊற்றுவார். நனைந்த பாறையில் எழுத்துகள் கறுத்து எழும்பும். “வேகமாப் பாத்துக்கங்க சார், காஞ்சா மறைஞ்சிரும்” என்பார். ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் யாரோ படித்துச் சொன்ன இரண்டு வரியை மனப்பாடமாக ஒப்பிப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர், “ஒன்னும் தெரியலையேப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். அப்பாவின் முகம் சுண்டிப்போகும். எனக்கு அந்த மனிதர்களைக் கல்லால் அடிக்கலாம் போலிருக்கும்.

அப்பா அங்கே ‘டெம்ப்ரவரி’. எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒரு நோயின் பெயரைப் போல ஒலிக்கும். அந்த மார்கழியில், வருகிற திங்கட்கிழமை பெரிய ஆபீசர் பார்வையிட வருகிறார், குன்று நன்றாக இருந்தால் அப்பாவை ‘பெர்மனன்ட்’ ஆக்க எழுதுவார் என்று செய்தி வந்தது. அம்மா விளக்கு ஏற்றும்போதெல்லாம் அதையே வேண்டிக்கொண்டாள்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் வெள்ளையடிக்காத பொருள் என்று எதுவும் கிடையாது. வீடு, கிணற்று மேடை, தென்னை மரத்தின் கால், தொட்டி, அம்மிக்கல்லின் ஓரம்கூட. வெள்ளையடித்தால் சுத்தம், வெள்ளையடித்தால் மரியாதை. வீட்டில் அப்போதுதான் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. அந்தக் கல்வெட்டு எழுத்துகளில் சுண்ணாம்பை நிரப்பிவிட்டால் தண்ணீர் ஊற்றாமலேயே தெரியுமே என்று எனக்குத் தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது. அக்கா, “அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்டி” என்று இழுத்தாள். “கேட்டா அப்புறம் என்ன அதிசயம்” என்று நான்தான் வாயடித்தேன்.

சனிக்கிழமை அப்பா புளியமரத்தடியில் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணசந்த நேரத்தில் நாங்கள் ஒரு டப்பா சுண்ணாம்போடு மேலே ஏறினோம். வேப்பங்குச்சியில் துணி சுற்றி, மேல்வரிகளை அக்காவும் கீழ்வரிகளை நானும், ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினோம். முடிந்ததும் பின்னால் தள்ளி நின்று பார்த்தோம். கடை போர்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையையும் நான் செய்ததில்லை.

அப்பா படியேறி வந்தார். பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “யாரு செஞ்சது?” என்றார்.

“நான்தான்ப்பா” என்றாள் அக்கா.

டப்பா என் கையில் இருந்தது. நாள் முழுக்க ஓயாத என் வாய் அந்த ஒரு நிமிஷம் திறக்கவில்லை.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. செம்பையும் தேங்காய் நாரையும் எடுத்துவந்து ஓர் எழுத்தை மட்டும் தேய்த்துப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டார். “தேச்சா எழுத்தும் சேந்து போயிரும். விடுங்க. வெயில் தாழ வீடு போய்ச் சேருங்க. ஆத்துல பாத்து எறங்குங்க” என்றார். திரும்பி வரும் வழியில் அக்கா அழுதுகொண்டே மிதித்தாள். அவள் முதுகு குலுங்குவது ரோட்டாலா அழுகையாலா என்று தெரியாமல் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீசர் கேட்டபோது அப்பா, “நாந்தாங்க ஐயா பூசுனேன், வர்றவகளுக்குத் தெரியட்டும்னு” என்று சொல்லியிருக்கிறார். வெகுநாள் கழித்து அம்மா சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்கு ஆபீசர் மேல் கோபமே இல்லை. “அவரு என்ன பண்ணுவாரு? அந்தக் கல்லக் காக்கத்தான என்னைய வச்சிருந்தாக” என்றார். மணமேல்குடிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவலுக்குப் போனார். மாதம் இருமுறை வருவார். நாங்கள் மணலில் தாண்டிய அதே வெள்ளாறு அந்தப் பக்கம்தான் போய்க் கடலில் விழுகிறது. சனிக்கிழமைப் பயணம் அத்தோடு நின்றது. நல்ல மார்க் வாங்கியிருந்தும் அக்கா பிளஸ் டூவுக்குப் பிறகு திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போனாள். நான் திருச்சியில் காலேஜ் படித்தேன். அவள் அனுப்பியதில்தான் படித்தேன்.

போன மாதம் ஸ்கூட்டியில் அந்த வழியாகப் போனேன். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கிராவல் ரோடு இல்லை, கருகருவென்று தார் ரோடு. ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. கல்வட்டப் பொட்டலில் பாதியை வீட்டுமனையாக்கிக் கம்பு நட்டிருக்கிறார்கள். கல்வெட்டு இரும்புக் கம்பிக்குப் பின்னால் இருந்தது. மருந்து போட்டுக் கழுவிவிட்டார்களாம், நாங்கள் பூசியதன் சுவடே இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்தபோது எனக்கு அந்த ரோடு வேண்டியிருந்தது, அந்த நடுக்கம் வேண்டியிருந்தது, அப்பாவின் செம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நான்னு சொல்லியிருக்கணும்” என்றேன்.

பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். “சின்னப்புள்ளதானடி நீ” என்றாள்.

பேச்சை மாற்ற நினைத்தேன். “நம்ம கிராவல் ரோட்டக் காணோம்க்கா, தார் போட்டுட்டாங்க. நெஞ்சு அடைக்குது பாத்தா.”

“தார் போட்டாச்சா?” என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்தது உண்மையான சந்தோஷம். “நல்லதாப் போச்சு. இனிமே மிதிக்கிற புள்ளைகளுக்கு லேசா இருக்கும்.”