அந்துருண்டைக்காரர் பேரனுக்குக் கொடுத்தது

கடைத்தெருவில் அவருக்கு அந்துருண்டை என்றுதான் பெயர். கம்பளிக் கடைக்காரர் மேல் வேறென்ன வாசம் அடிக்கும்? பூச்சி அரித்துவிடுமே என்று ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் உருண்டையைப் போட்டு வைப்பார். ஆள் வருவதற்கு முன்னாலேயே வாசம் வந்து சேர்ந்துவிடும். கேலி செய்தால் கோபப்படவும் தெரியாது. மனைவி போன பிறகு மகளை ஒற்றை ஆளாய் வளர்த்தவர். அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையிலேயே மெத்தென்ற கம்பளியாகப் பார்த்து எடுத்து, உள்ளே கிடந்த உருண்டைகளை உதறிவிட்டு, அப்படியே கொண்டுவந்து பேரனைச் சுற்றினார்.

"துவைச்சுட்டுப் போடலாம்பா."

"புத்தம் புதுசும்மா. இதைப் போயா துவைப்பாங்க?"

ரெண்டு நாள் கழித்துக் குழந்தையின் கண் மஞ்சளித்தது. துணியில் சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் பட்டிருந்தது. மகள் பதறிப்போனாள். அவர் அசரவில்லை.

"வாலிபத்துல காய்ச்சல் மாத்திரை தின்னுட்டு எனக்கும் இதே மாதிரிதான் போச்சு, கண்ணும் மஞ்சளாச்சு. என் தாய்மாமாவுக்கும் வரும். நமக்கெல்லாம் சூட்டு உடம்பு. தானா சரியாயிடும்."

சொன்னவர் அப்பா, அதிலும் பட்டு எழுந்தவர். மகள் நம்பினாள். குளிரப்போகிறதே என்று கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் காலையில் குழந்தை பாலுக்கு அழவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது. வாரி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை நீல விளக்கடியில் கிடத்தி ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ரத்த அணுவெல்லாம் உடைஞ்சுக்கிட்டே இருக்கு. பிள்ளை தேறிடும்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. இது பரம்பரைக் குறை, அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வரும். உங்க பக்கத்துல யாருக்காவது மாத்திரை சாப்பிட்டுக் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்திருக்கா?"

அவர் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"குறை மட்டும் இருந்தா இவ்வளவு ஆகாது. ஏதாவது தூண்டிவிட்டிருக்கணும். சில மாத்திரைங்க, இல்லேன்னா அந்துருண்டை. பெரியவங்க உடம்பு ஓரளவு தாங்கிடும், பச்சைப்பிள்ளை தாங்காது. அந்த மாதிரி எதையாவது யாராவது பிள்ளைகிட்ட வச்சீங்களா?"

தூக்கிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. மகள் எழுந்து, நாலு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.